செயற்கைப் புல்லுக்கு அடியில் ஒரு குளம்: களிமண் தரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருகம்பாக்கத்தில் என் அக்கா வீட்டு முன்பக்கம் 300 சதுர அடி இருக்கும். அங்கே செயற்கைப் புல் போட்டுக்கொடுத்தவர் நாலைந்து அங்குலம் தோண்டி, ஜல்லி கொட்டி, மேலே எம்-சாண்ட் பரப்பி, பார்க்க அழகாகவே முடித்தார். ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், புல்லில் கால் வைத்தால் சளக் சளக் என்றது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் சாக்கடை வாடை. அத்தான் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஜல்லி முழுக்கக் கறுத்த தண்ணீர்.

புல்லின் முதுகில் தண்ணீர் இறங்க ஓட்டைகள் இருக்கின்றன. அவை ஒழுங்காகத்தான் வேலை செய்தன. இறங்கிய தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல், கீழே இழுத்துக்கொள்ளும். விருகம்பாக்கம், அண்ணா நகர், மேற்கு மாம்பலம் பக்கம் பெரும்பாலும் களிமண். அதைத் தோண்டி ஜல்லி நிரப்பினால் மண்ணுக்குள் ஒரு தொட்டி கட்டியதாகிவிடும்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 300 சதுர அடியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் தண்ணீர். நாலு அங்குல ஜல்லியில் காலி இடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் 900 லிட்டர் சுமாருக்குத்தான் இடம். மீதி மேலே வந்துதான் ஆக வேண்டும். சென்னையில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதனால் ஜல்லியை ஆறு அங்குலமாக்கினாலும் எட்டு அங்குலமாக்கினாலும், வெளியேறும் வழி இல்லாவிட்டால் குளத்தின் ஆழம் கூடும், வேறொன்றும் மாறாது.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆள் வைக்க வேண்டாம். ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். மணிக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மண்ணை நம்ப வேண்டாம், குழாய்தான் வழி. முதலில் ஊற்றியதே மறுநாள் வரை வற்றவில்லையா? சோதனை அங்கேயே முடிந்தது.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு விஷயத்தில் கொத்தனார்களே சறுக்குகிறார்கள். களிமண்ணை மட்டமாக வெட்டிவிட்டு, மேலே ஜல்லியில் மட்டும் வாட்டம் கொடுப்பார்கள். தண்ணீர் ஓடுவது ஜல்லிக்கு அடியில், களிமண் முகத்தின் மேல். அதனால் வாட்டம் அங்கேதான் வேண்டும்: பத்து அடிக்குக் குறைந்தது ஒன்றே கால் அங்குலம், முடிந்தால் இரண்டு. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அஸ்திவாரம் ஓரமாகத் தண்ணீர் நின்று, சுவரில் ஓதம் ஏறும்.

அந்தச் சரிவின் அடிமுனையில் ஒரு சால் வெட்டி, துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாயை, துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி, அதற்கும் வாட்டம் கொடுத்துப் பதிக்க வேண்டும். குழாயைப் புதைத்து மறந்துவிடக் கூடாது. ஒரு முனையில் மூடி போட்ட சேம்பர் இருந்தால்தான் பின்னால் சேற்றை வாரி எடுக்க முடியும். மறுமுனை எங்கே? வீட்டுக் கழிவுநீர் இணைப்பில் கண்டிப்பாக விடாதீர்கள். மழைநீரை அதில் விடக் கூடாது, விட்டால் மழையில் அது உங்கள் பாத்ரூம் வழியாகவே திரும்பி வரும். மழைநீர்க் கிணற்றில் விடலாம், ஆனால் மூன்றடிக் குழி களிமண்ணிலேயே நின்றுவிட்டால் அது இரண்டாவது தொட்டி. களிமண் அடுக்கைத் தாண்டி, தண்ணீர் இறங்கும் அடுக்கு வரை துளை போக வேண்டும். புல்லின் நார்த் துணுக்கும் மணலும் கிணற்றுக்குள் போகாமல் முன்னால் ஒரு வண்டல் தொட்டி இருக்கட்டும்.

களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் விரிக்கும், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியைச் செலவு என்று விடுகிறவர்கள் உண்டு. துணி இல்லாவிட்டால் மழைக்கு மழை களிமண் ஜல்லிக்குள் ஏறி இடுக்குகளை அடைத்துவிடும். அதற்குப் பதில் களை வராது என்று பாலித்தீன் ஷீட் விரிப்பது இன்னும் மோசம். மேல் அடுக்குக்கு கிரஷர் தூசியைத் தடிமனாகப் போட்டு ரோலர் ஓட்டினால் அது சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடும். ஒரு அங்குலத் தடிமனுக்கு 6 மில்லிமீட்டர் கல் சிப்ஸ் போதும். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்பார்கள், நம்பாதீர்கள், செங்கல் போலக் கெட்டிப்படும். எருவும் தென்னைநார்க் கழிவும் செடிக்குச் சரி. செயற்கைப் புல்லுக்கு அடியில் மக்கி, தரை உள்வாங்கும்.

கோயம்புத்தூர், தூத்துக்குடி பக்கம் கரிசல் என்றால் கவலை வேறு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே ஒரு அடியாவது எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு இறுக்கி, அப்புறம் ஜல்லிக்குப் போங்கள்.

எந்த மண்ணானாலும் ஈரக் களிமண்ணை மிதித்து இறுக்காதீர்கள். ஒரு பிடி எடுத்து விளக்குத்திரி மாதிரி திரித்துப் பாருங்கள். மெல்லிய திரியாக வந்தால் இன்னும் காய வேண்டும், உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். பங்குனி, சித்திரை தோதான மாதங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயும் ஏசி தண்ணீரும் புல்லின் மேல் விழாமல் அப்போதே திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, ஜல்லி போட்டபின், புல் விரிக்கும் முன், மேட்டுப் பக்கத்தில் ஹோஸைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். குழாயில் தண்ணீர் வெளியேறும் முனையில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், புல் போட வருகிறவரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லிவிட்டு, மறுபடி டியூப் லெவலை எடுங்கள்.