பாதி சீசனில் முழுத் தீர்ப்பு: அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் கடைசி வந்துவிட்டால் போதும், அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிற எல்லோரும் நீதிபதி ஆகிவிடுவார்கள். "இந்த வருஷம் கப் இவங்களுக்குத்தான்." "அந்த டீம் கதை முடிஞ்சுபோச்சு." "முதல்ல கோச்சைத் தூக்கணும்." அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓர் அணி ஆடும் லீக் ஆட்டங்கள் மொத்தமே 17. அதில் ஏழெட்டு முடிந்த நிலையில்தான் இத்தனை தீர்ப்பும். கல்லூரி அணிகளுக்கு அதுவும் இல்லை, வழக்கமாக 12 ஆட்டங்கள்தான். கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கே முதல் எட்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு யாரும் பட்டாபிஷேகம் நடத்துவதில்லை.

ஆட்டங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் வெற்றி தோல்விக் கணக்கு ஏமாற்றுகிறது. எத்தனை ஜெயித்தார்கள் என்பதைவிட யாரை ஜெயித்தார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்று பார்த்தால் நவம்பரில் சொன்னது ஜனவரியிலும் நிற்கும்.

8-1 என்றதும் மயங்குவது

2022-இன் மினசோட்டா வைக்கிங்ஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நவம்பர் 13, பஃபலோவில் பில்ஸுடன் ஆட்டம். வைக்கிங்ஸ் பின்தங்கியிருக்கிறார்கள், நான்காவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), தேவை 18 யார்டு. ஜஸ்டின் ஜெஃபர்சன் எம்பி, எதிராளியின் கையில் கிட்டத்தட்ட போய்விட்ட பந்தை ஒற்றைக் கையால் பிடுங்கி உயிர் கொடுக்கிறார். அப்படியும் கோல் லைனுக்கு முன்னால் பில்ஸ் தடுத்து நிறுத்திவிட்டார்கள். 27-23, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து பில்ஸிடம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தை வாங்கி இரண்டடி முன்னால் விழுந்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. ஸ்னாப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் தரப்படும் பந்து, கையிலிருந்து நழுவுகிறது. கோல் லைனுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனுக்குள் விழுந்த பந்தின் மேல் வைக்கிங்ஸ் வீரர் எரிக் கெண்ட்ரிக்ஸ் பாய்ந்தார், டச்டவுன். பில்ஸ் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து சமன் செய்ய, ஓவர்டைமில் வைக்கிங்ஸ் 33-30 என்று ஜெயித்தார்கள். அன்றோடு 8-1, அதாவது எட்டு வெற்றி, ஒரு தோல்வி.

பார்க்க அருமையான ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து "எந்த நெருக்கடியிலும் இந்த டீம் ஜெயிக்கும்" என்று எழுதினார்களே, அதுதான் தப்பு. நழுவிய ஸ்னாப்பில் வைக்கிங்ஸின் திறமை எவ்வளவு இருக்க முடியும்? அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் டாலஸிடம் 40-3 என்று உதை வாங்கினார்கள்.

அந்த சீசனை 13-4 என்று முடித்தார்கள். அடித்தது 424 புள்ளி, கொடுத்தது 427. பதின்மூன்று வெற்றிக்குப் பிறகும் கணக்கில் மூன்று புள்ளி கடன்! 8 புள்ளியோ அதற்குக் குறைவாகவோ முடிந்த ஆட்டங்களில் 11-க்கு 11 வெற்றி. (டச்டவுனுக்கு 6, அதன்பின் எடுக்கும் கூடுதல் முயற்சிக்கு அதிகபட்சம் 2. ஆக 8 வரையிலான வித்தியாசம் ஒரே தடவை பந்து கிடைத்தால் ஈடுகட்டக் கூடியது, அதைத்தான் ஒன்-ஸ்கோர் கேம் என்பார்கள்.) தோற்ற நான்கும் பெரிய தோல்விகள். பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே ஜயண்ட்ஸிடம் 31-24 என்று வெளியேறினார்கள். அந்த வருடம் நெருக்கமான ஆட்டத்தில் அவர்கள் கண்ட முதல் தோல்வி அதுதான்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு நெட் ரன் ரேட் கண்ணில் படாமல் போகாது. அதே கண்ணை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். அடித்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு வேறுபாடு உண்டு: ஐபிஎல்லில் அது பட்டியலில் இடத்தையே மாற்றும், என்எஃப்எல்லில் சமநிலை வந்தால் நேருக்கு நேர் முடிவு, பிரிவுக்குள் வெற்றி விகிதம், பொது எதிரணிகளுக்கு எதிரான கணக்கு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, புள்ளி வித்தியாசத்துக்கு வெகு பின்னால்தான் வருவார்கள். இடத்தை முடிவு செய்ய அது உதவாது, அணியை எடைபோட உதவும்.

1-5 என்றதும் கை கழுவுவது

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த ஆட்டத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. 2015-இல் கான்சஸ் சிட்டி 1-5. அதன்பின் தொடர்ந்து பத்து வெற்றி, 11-5, பிளேஆஃபில் ஹூஸ்டனை 30-0. 2022-இல் ஜாக்ஸன்வில் 12 ஆட்டங்கள் முடிந்தபோது 4-8. மிச்சம் ஐந்தையும் ஜெயித்துப் பிரிவில் முதலிடம் பிடித்து, பிளேஆஃபில் சார்ஜர்ஸிடம் 27-0 என்று பின்தங்கியிருந்து 31-30 என்று ஜெயித்தது. ஜாக்ஸன்வில்லுக்கு வழி திறந்தது எப்படி என்றால், என்எஃப்எல்லில் எட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு நான்கே அணிகள். பிரிவில் முதலில் வந்தால் பிளேஆஃப் உறுதி. பக்கத்து மூன்று அணிகளும் தடுமாறினால் 4-8 கூட உயிரோடுதான் இருக்கும். ஆகவே ஓர் அணியைப் புதைக்கும் முன் அதன் பிரிவில் மற்றவர்கள் எந்த லட்சணத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். 2020-இல் பிட்ஸ்பர்க் 11-0 என்று தொடங்கி 12-4 என்று முடித்து, முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே கிளீவ்லாண்டிடம் 48 புள்ளி வாங்கித் தோற்றது. 2023-இல் ஃபிலடெல்ஃபியா 10-1, கடைசி ஆறில் ஐந்து தோல்வி.

பாதி சீசனில் நடக்கும் டிரேடையும், அதாவது அணிகளுக்கு இடையிலான வீரர் கைமாற்றத்தையும், ஒரே ஆட்டத்தை வைத்து மதிப்பிடுகிறோம். 2022 அக்டோபர் 20-ஆம் தேதி கிறிஸ்டியன் மெக்கஃப்ரி சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். மூன்றே நாளில் கான்சஸ் சிட்டியிடம் 44-23 தோல்வி, அணி 3-4. இத்தனை டிராஃப்ட் பிக்கை (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை) கொடுத்து இதற்குத்தானா என்ற பேச்சு அடங்குவதற்குள் மீதி பத்தையும் ஜெயித்துவிட்டார்கள்.

"அவர் 100 யார்டு ஓடினா டீம் ஜெயிக்கும்"

வர்ணனையாளர்கள் வாரா வாரம் சொல்வது இது. புள்ளிவிவரமும் பொய் சொல்லாது, ஓடுகிறவர் 100 யார்டு கடந்த ஆட்டங்களில் அணிகள் பெரும்பாலும் ஜெயித்துத்தான் இருக்கும். ஆனால் எது முன்னால் வந்தது?

நான்காம் குவாட்டரில் பத்து புள்ளி முன்னிலையில் இருக்கும் கோச் என்ன செய்வார்? கடிகாரத்தை ஓடவிடப் பார்ப்பார். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஓடுகிறவர் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த பிளேயை (முயற்சியை) தொடங்க 40 விநாடி வரை இழுக்கலாம். எதிரணியிடம் டைம்-அவுட் இல்லாவிட்டால் மூன்று தடவை ஓடியே சுமார் இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடலாம். அதனால் ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி ஓடுகிறது, ஓட ஓட யார்டு சேர்கிறது, மறுநாள் காலையில் "ஓட்டம்தான் வெற்றிக்குக் காரணம்" என்கிறோம்.

தோற்கும் அணிக்கு இதன் மறுபக்கம். நேரம் இல்லை, எறிந்துதான் ஆக வேண்டும். எதிரணி டிஃபென்ஸோ பெரிய பாஸ் ஒன்று போய்விடக் கூடாது என்று பின்னால் தள்ளி நின்று, நடுவில் பத்துப் பத்து யார்டாக விட்டுக்கொடுக்கும். குவாட்டர்பேக் கணக்கில் 350 யார்டு, அணி கணக்கில் 17 புள்ளி தோல்வி. ஃபேன்டஸி ஆடுகிறவர்களுக்கு இந்த யார்டும் தங்கம்தான், அது வேறு விளையாட்டு. "இவ்வளவு எறிஞ்சும் டீம் கைவிட்டுடுச்சே" என்று பரிதாபப்படும் முன் அந்த யார்டு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். முதல் பாதிக் கணக்கும், ஒரு பிளேக்கு எத்தனை யார்டு என்ற சராசரியும் மொத்த யார்டைவிட எவ்வளவோ மேல்.

முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவரைத் திட்டுவது

2009 நவம்பர் 15. இண்டியானாபொலிஸில் நியூ இங்கிலாந்து 34-28 என்று முன்னிலை, மிச்சம் 2 நிமிடம் 8 விநாடி. தங்கள் பக்கமே 28-ஆவது யார்டு கோட்டில் நான்காவது டவுன், தேவை இரண்டு யார்டு. ஊரில் யாராக இருந்தாலும் பன்ட் அடிப்பார்கள், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். நியூ இங்கிலாந்து கோச் பில் பெலிச்சிக் அடிக்கவில்லை. டாம் பிரேடி எறிந்தார், கெவின் ஃபாக் பிடித்தார், பந்து கையில் ஒரு கணம் தட்டுத்தடுமாறியது, கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்தப்பட்டதாக நடுவர் தீர்ப்பு. மேல்முறையீடு செய்ய டைம்-அவுட்டும் கையில் இல்லை. இண்டியானாபொலிஸ் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் 29 யார்டைக் கடந்து, 13 விநாடி இருக்கையில் ரெஜி வெயினுக்கு டச்டவுன் எறிந்தார். 35-34.

அடுத்த நாள் பெலிச்சிக்குக்குக் கிடைத்த அர்ச்சனைக்கு அளவே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். இரண்டு யார்டு முயற்சி பாதிக்கு மேல் பலிக்கும். பலித்தால் ஆட்டம் முடிந்தது, மேனிங் பந்தைத் தொடவே மாட்டார். பன்ட் அடித்தால் அவருக்குச் சுமார் 70 யார்டு, இரண்டு நிமிடம். அந்த நான்காம் குவாட்டரில் அவரைத் தடுக்க முடியாமல் திணறிய டிஃபென்ஸை நம்பித்தான் அடிக்க வேண்டும். என் கணிப்பில் அது சரியான முடிவு, விளைவு மட்டும் கெட்டது. திட்டியே ஆக வேண்டும் என்றால் டைம்-அவுட்டுகளை முன்பே தீர்த்ததற்குத் திட்டலாம். அதைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை.

கல்லூரிக்கும் அதே தராசு

கல்லூரி ஃபுட்பாலில் மேல்மட்டத்தில் மட்டும் 130-க்கும் அதிகமான அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஆட வழியே இல்லை, அதனால் தரவரிசை என்று ஒன்று தேவைப்படுகிறது. வாரா வாரம் பேசப்படும், செய்தி நிறுவனமான ஏபியின் தரவரிசை 1936-இலிருந்து பத்திரிகையாளர்கள் போடுவது. பிளேஆஃபுக்கு யார் என்று முடிவு செய்வதில் அதற்கு வேலையே இல்லை. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு தனியாக இருக்கிறது, அதன் முதல் பட்டியல் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கத்தில்தான் வரும்.

அந்தப் பட்டியலும் கல்வெட்டு இல்லை. 2014 அக்டோபர் 28 அன்று குழு போட்ட முதல் பட்டியலில் மேலே இருந்த நால்வர் மிசிசிப்பி ஸ்டேட், ஃபுளோரிடா ஸ்டேட், ஆபர்ன், ஓல் மிஸ். கடைசியில் பிளேஆஃப் போனது ஃபுளோரிடா ஸ்டேட் மட்டும். சாம்பியன் ஆனது அன்று 16-ஆம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்.

"ஒரு தோல்வி, சீசன் காலி" என்ற பழைய கணக்கும் 2024-இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்ததோடு போயிற்று. அந்த செப்டம்பரில் நோட்ர டாம் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றபோது சிரிக்காதவர்கள் இல்லை. அதே அணி இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே அதை 34-23 என்று ஜெயித்த ஒஹாயோ ஸ்டேட்டும் ஆரெகனிடமும் மிஷிகனிடமும் தோற்றுவிட்டு வந்த அணிதான்.

எளிய எதிரணிகளை ஜெயித்ததாலேயே ஓர் அணி மட்டம் என்று முடிவு கட்டுவதும் இன்னொரு அவசரம். 2024-இல் இண்டியானா 10-0 என்று தொடங்கியது, பிறகு ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, பிளேஆஃபில் நோட்ர டாமிடம் 27-17 தோல்வி. "அப்பவே சொன்னேனே" என்றார்கள். கர்ட் சிக்னெட்டி என்ற அதே கோச் அடுத்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல் இண்டியானாவைத் தேசிய சாம்பியன் ஆக்கினார். எளிய அட்டவணை என்றால் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று மட்டும்தான் பொருள்.

கோச்சைத் தூக்கச் சொல்பவர்கள் செலவையும் பார்க்க வேண்டும். 2025 சீசனுக்கு முன் ஏபி பட்டியலில் பென் ஸ்டேட்டுக்கு இரண்டாம் இடம். அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் தோற்று, மறுவாரம் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்றதும், அக்டோபர் 12 அன்று கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கினார்கள். முந்தைய சீசனில் அரையிறுதி வரை அழைத்துச் சென்றவர். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை சுமார் 5 கோடி டாலர் என்று அப்போது செய்தி.

சனிக்கிழமை விதி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

கல்லூரி ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை, என்எஃப்எல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, விதிகளோ வேறு வேறு. இது சின்ன விஷயம், ஆனால் அதிகச் சண்டை இதில்தான். எல்லைக் கோட்டருகே பந்தைப் பிடிப்பவர் கல்லூரியில் ஒரு கால் உள்ளே வைத்தால் போதும், என்எஃப்எல்லில் இரண்டும் வேண்டும். கல்லூரியில் யாரும் தொடாமல் தானாக வழுக்கி முழங்கால் ஊன்றினாலும் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், என்எஃப்எல்லில் எதிராளி தொடாத வரை எழுந்து ஓடலாம். கல்லூரியில் ஆட்டம் சமனில் முடியவே முடியாது. என்எஃப்எல் லீக் ஆட்டத்தில் பத்து நிமிட ஓவர்டைம் தீர்ந்தால் அத்தோடு சரி. 2025 செப்டம்பர் 28 அன்று கிரீன் பேயும் டாலஸும் 40-40 என்று கைகுலுக்கிப் போனது அப்படித்தான். பட்டியலில் டை என்பது பாதி வெற்றி, பாதி தோல்வி. ஆகவே ஒரே ஒரு டை உள்ள அணி பெரும்பாலும் மற்ற அணிகளோடு சமமாகவே வராது. டிசம்பரில் பிளேஆஃப் கணக்குப் போடும்போது அந்த அணிக்கு "நேருக்கு நேர் யார் ஜெயிச்சாங்க" என்ற கேள்வியே அநேகமாக எழாது.