குழந்தைக்கு விலங்கு வேடமா? ஃபர் துணிக் கடையில் தொடங்காதீர்கள்

ஆண்டு விழா மாதங்கள் வந்துவிட்டால் என் தையல் இயந்திரத்துக்கு வருவதில் பாதி, யாரோ தொடங்கிப் பாதியில் கைவிட்ட வேலை. மாறுவேடப் போட்டிக்காக அம்மாவோ பாட்டியோ ஆசை ஆசையாக வெட்டிய சிங்கம், முயல், கரடி. காது நிற்கவில்லை, தலை நுழையவில்லை, குழந்தை போட்டுக்கொள்ள மறுக்கிறது என்று சொல்லிப் பையோடு கொண்டுவந்து வைப்பார்கள். பையைத் திறக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். நான் புதிதாகத் தைக்க வந்தபோது கெடுத்த துணிகளும் இதே இடங்களில்தான் கெட்டன.

அளவெடுத்த பிறகு வெட்டுங்கள், நனைத்துக் காயவைத்த துணியில் தையுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. ஒரு பாவாடை தைத்தவருக்கே அது தெரியும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு விலங்கு வேடம் தைக்கும்போது மட்டும் நேர்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

உடல் முழுக்க ஃபர் துணி

விலங்கு என்றதும் நம் மனத்துக்கு முதலில் ரோமம்தான் வருகிறது. மதுரையில் என்றால் நேராக விளக்குத்தூண் பக்கம் போய், கையில் மெத்தென்று படுகிற ஃபர் துணியை மீட்டர் கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். வேடத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா என்று கழுத்திலிருந்து கணுக்கால்வரை அதையே போர்த்துகிறார்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத இடம் இது.

ஃபர் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்து உடம்பின் சூட்டை வெளியே விடாது. குளிர்நாட்டில் கோட்டுக்கு அது நல்ல குணம். நம் ஆண்டு விழாக்களோ பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பந்தலுக்கு அடியில், மேடை விளக்குகளுக்கு முன்னால் நடக்கின்றன. பிள்ளைகளை வீட்டிலேயே வேடம் போட்டு அழைத்துவரச் சொல்வார்கள். சிறப்பு விருந்தினர் வர வேண்டும், விளக்கேற்ற வேண்டும், ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும், பெரிய வகுப்புப் பிள்ளைகளின் நடனம் முடிய வேண்டும். அதுவரை அந்தக் குட்டிக் கரடி ரோமத்துக்குள் வெந்துகொண்டிருக்கும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு "புழுக்கமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது, அழத் தெரியும். சுற்றியிருப்பவர்கள் அதற்கு மேடை பயம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அப்படிப் பெயர் வாங்கிய ஒரு கரடியின் முதுகு ஜிப்பை நானே திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே பனியன் பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது, கழுத்தைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. உடையைக் கழற்றி, முகம் துடைத்து, பழுப்பு டீஷர்ட்டும் காது வைத்த குல்லாயும் மாட்டி அனுப்பினோம். நான்கு வரியையும் பிசகாமல் சொல்லிவிட்டு, இறங்க மனமில்லாமல் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தது அந்தப் பயந்த பிள்ளை.

சூட்டைக்கூடக் கழற்றி ஆற்றிவிடலாம். நெருப்பு அப்படியில்லை. செயற்கை இழை எளிதில் பற்றும், எரியும்போது உருகும், உருகியது தோலில் ஒட்டும். நம் விழாக்களில் மேடையோரத்தில் குத்துவிளக்கு எரிகிறது. அதே ஓரத்தில்தான் வேடம் போட்ட பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். புஸுபுஸுவென்ற வால் எங்கே உரசுகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிப்பதில்லை. யாருக்கு வேடம் தைத்துக் கொடுத்தாலும் இதை மட்டும் நான் சொல்லாமல் அனுப்புவதில்லை.

இத்தனைக்கும் அந்த ரோமத்துக்குத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. பள்ளியில் "நம் மாநில விலங்கு" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். ஓர் அம்மா நீள முடி வைத்த வெள்ளை ஃபர் துணியோடு வந்தார். "ஆடுதானே அக்கா, வெள்ளையாக, பஞ்சுபோல இருந்தால் அழகாக இருக்குமே" என்றார். வரையாட்டின் உடம்பில் பஞ்சு ஏது? குட்டையான, முரட்டு முடி. வளர்ந்த கிடா கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும், முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு, பின்னோக்கி வளைந்த கொம்பு. இந்த மூன்றும் இருந்தால் வரையாடு. அந்த வெள்ளைத் துணியில் எப்படித் தைத்தாலும் செம்மறிக்குட்டிதான் கிடைத்திருக்கும்.

யானைக்கும் மானுக்கும் இதே கதைதான். புலியை எடுத்துக்கொள்ளுங்கள். நீள முடித் துணியில் வரி போட்டால் இரண்டு முறை தடவியதுமே வரி கலைந்து அழுக்காகத் தெரியும். நம் புலியாட்டக்காரர்கள் வெறும் உடம்பில் மஞ்சள் பூசி, கறுப்பு வரி இழுத்து, வாலைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து "இது என்ன விலங்கு" என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டுவது காது, வால், நிறம், வரி அல்லது புள்ளி. ரோமத்தின் மென்மை முதல் வரிசைக்கே தெரியாது.

அதனால் உடம்புக்குப் பனியன் துணி எடுங்கள். திருப்பூர்ப் பருத்திப் பனியன் துணி எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. இழுத்தால் நீளும், வியர்வையை வாங்கிக்கொள்ளும், துவைத்தால் போதும். தைக்கத் தயக்கமாக இருந்தால் ஒரே நிறத்தில் முழுக்கை டீஷர்ட்டும் பேன்ட்டும் வாங்கி அதன்மேல் வேலை செய்யுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை. ஃபர் துணியைச் சிங்கத்தின் பிடரி, அணிலின் வால், முயலின் மார்புத் திட்டு என்று தேவைப்படும் இடத்தில் மட்டும் வையுங்கள். கால் மீட்டர் வாங்கினால் மிஞ்சும்.

அந்தக் கால் மீட்டரையும் கத்தரிக்கோலால் பாழாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றத் துணியைப்போல இரண்டாக மடித்து, நல்ல பக்கத்திலிருந்து கறுக்கென்று வெட்டினால் ஓரத்து முடி முழுக்கக் கத்தரிபட்டு, மொட்டையடித்த வரப்புப் போல ஒரு கோடு விழும். அது பிறகு வளராது. துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் சாக்கால் வரைந்து, ஒற்றை அடுக்காக வைத்து, பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுங்கள். முடி தானாகப் பிரிந்து வரும். வலப்பக்கத் துண்டு வரைந்ததும் காகித மாதிரியைத் திருப்பிப் போட்டுத்தான் இடப்பக்கத்தை வரைய வேண்டும். இல்லையென்றால் இரண்டும் வலக்காதாகிவிடும்.

முடி எந்தத் திசையில் படிகிறது என்று வெட்டுவதற்கு முன்பே தடவிப் பார்த்துப் பின்பக்கம் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டிலும் முடி கீழ்நோக்கியே படிய வேண்டும். ஒரு துண்டு தலைகீழாகப் போனால் அதே நிறம் வேறு நிறமாகத் தெரியும், கூடவே சிலிர்த்துக்கொண்டும் நிற்கும். தைக்கும்போது 16ஆம் எண் ஊசி, நீளத் தையல். முடியை உள்ளே தள்ளிக்கொண்டே தைத்து, முடிந்ததும் தையலில் சிக்கிய முடிகளைக் குண்டூசியால் வெளியே இழுத்துவிட்டால் தையல் இருந்த இடமே தெரியாது. இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெட்டும்போது பறக்கிற முடித்தூள் மூக்கில் ஏறும். பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு வெட்டுங்கள்.

தலை

உடம்பு சிறியது, ஆகவே தலையும் சிறியது என்று கணக்குப் போட்டால் உடை காதோடு நின்றுவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 48 முதல் 50 செ.மீ. வளர்ந்தவர்களுக்கே 55, 57 தான். அந்த வயதில் மார்புச் சுற்றளவும் தலையின் அளவை ஒட்டித்தான் இருக்கும். நீளாத துணியில் கழுத்து வெட்டினால் திறப்பு வைத்தே ஆக வேண்டும். முன்பக்கம் ஜிப் என்றால் உள்ளே ஒரு பட்டி கொடுங்கள். தாடைத் தோல் ஜிப்பில் சிக்கினால் அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் வேடம் போடாது.

முகத்தை மூடும் முகமூடி இந்த வயதுக்கு ஆகாது. கண் துளை ஒரு விரல் நகர்ந்தாலும் மேடைப் படி தெரியாது. முகம் திறந்திருக்கட்டும். விலங்கின் கண்ணும் மூக்கும் குல்லாயின் நெற்றியில் உட்காரட்டும். அவற்றை ஃபெல்ட் துணியில் வெட்டித் தையுங்கள். பட்டனும் மணியும் வைத்தால், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். முயல் காது தொங்குகிறதென்றால் உள்ளே விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் துணி இல்லை என்று பொருள். கொம்புக்குத் தெர்மாகோல் வேண்டாம், பள்ளி வாசலிலேயே ஒடியும். துணிக்குள் தலையணைப் பஞ்சை இறுக்கித் திணித்தால் போதும்.

கழுத்தில் நாடா

கூடவே கூடாது. ஐரோப்பியத் தர விதிகள் சிறு குழந்தைகளின் ஆடையில் கழுத்துக்கும் குல்லாய்க்கும் இழுகயிறு வைப்பதையே அனுமதிப்பதில்லை. தாடைக்கடியில் சிறு வெல்க்ரோ வையுங்கள். யாராவது இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும்.

வால்

பேன்ட்டின் பின்பக்கம் நேராகத் தைத்தால் வாலின் கனம் பேன்ட்டைக் கீழே இழுக்கும். மேடையில் பிள்ளை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "நான் தான் காட்டு ராஜா" என்று சொல்வதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. இடுப்புக்கு அகல எலாஸ்டிக் பட்டி ஒன்று தைத்து, டீஷர்ட்டுக்கு உள்ளே மாட்டி, வாலை அதில் வெல்க்ரோவால் பொருத்துங்கள். நாற்காலியில் உட்காரக் கழற்றலாம், பின்னால் நிற்கிற முயல் இழுத்தாலும் வால்தான் போகும், பிள்ளை விழாது. முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டாம். உள்ளே பழந்துணி திணித்தால் கனக்கும். கம்பி வைக்கவே கூடாது.

கழிப்பறை

ஒரே துண்டாகத் தைக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: விழாக் கூட்டத்தில், பள்ளிக் கழிப்பறையின் ஈரத் தரையில், அதை முழுக்கக் கழற்றி மாட்டப்போவது யார்? மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று பிரித்துத் தையுங்கள். டயப்பர் போடும் பிள்ளையென்றால் டயப்பரோடு அளவெடுங்கள். ஒரே துண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தோளில் தொடங்கிக் கால் இடுக்கு வழியாகச் சுற்றி அதே தோளுக்கு வரும் அளவை எடுத்து, அதற்குமேல் நான்கு விரற்கடை விடுங்கள். நின்றால் சரியாக இருக்கிற உடை உட்கார்ந்தால் இடுக்கில் பிடிக்கும்.

மீசை

கம்பி வேண்டாம். கண்மையால் ஆறு கோடு.

முகத்துக்குச் சாயம்

போஸ்டர் கலர் காகிதத்துக்கு.

சூடான பசை

காதையும் கொம்பையும் பசையை உருக்கி விடுகிற துப்பாக்கியால் (glue gun) ஒட்டலாம். தோலில் படும் இடத்தில் வேண்டாம். ஆறிய பசை கெட்டியாகிக் குத்தும். எங்கே குத்துகிறது என்று சொல்லத் தெரியாமல் பிள்ளை நெளியும்.

பாதம்

துணியில் பாதம் தைத்து மூடினால் டைல்ஸ் தரையில் வழுக்கும். கணுக்காலோடு நிறுத்திவிட்டு, பிள்ளை வழக்கமாகப் போடும் செருப்பையே போடச் சொல்லுங்கள். பாதம் இருந்தே தீர வேண்டுமென்றால் செருப்பின்மேல் மூடுகிற மாதிரி ஒரு மடல், அடியில் எலாஸ்டிக்.

விழா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போடுவது

வேடம் கலைந்துவிடும், அழுக்காகிவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். பிள்ளைக்கு அது விழாக் காலையில் திடீரென்று தன்மேல் ஏறும் ஒரு புதுப் பொருள், ஆகவே உதறித் தள்ளும். தைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். குல்லாயை முதலில் தைத்து விளையாடக் கொடுத்துவிடுங்கள். அப்பாவோ தாத்தாவோ அதை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வரட்டும், பிறகு பிள்ளையே பிடுங்கி மாட்டிக்கொள்ளும். அடுத்து வால், கடைசியாக முழு வேடம். முழு வேடத்தோடு ஓடவிட்டு, மாடிப்படி ஏறவைத்து, தரையில் உட்காரவைத்து, இட்லி ஊட்டிப் பாருங்கள். தையல் எங்கே பிரியும், குல்லாய் எப்போது கண்ணை மறைக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். சரிசெய்ய இரண்டு நாளாவது கையில் இருக்க வேண்டும். விழாவுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினால் காதை மட்டும்தான் மாற்றித் தைத்துத் தர முடியும்.