வாட்ச்மேன் என்று அச்சடிப்பதற்கு முன்

எங்கள் டிடிபி கடைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் காவல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அடையாள அட்டையை லேமினேட் பண்ணக் கொண்டுவந்தார். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'வாட்ச்மேன்'. "ஏம்மா, மேன்னா ஆம்பளைதானே? எம்மவ பாத்துட்டுச் சிரிக்கா" என்றார். அவருடைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சரி என்றார். காவலர் என்று பொருள்படும் 'செக்யூரிட்டி கார்டு' என்று மாற்றி, எல்லோருடைய அட்டையையும் புதிதாக அடித்துக் கொடுத்தோம்.

அதிலிருந்து வேலை விளம்பரம், விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ் என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் பதவிப் பெயரில் ஒரு நிமிடம் நிற்பேன். நீங்களும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

'மேன்' இருக்கிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'பெர்சன்' போடாதீர்கள். அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். சொல் தானாக வரும். தீயை அணைக்கிறவர் ஃபயர்ஃபைட்டர். கேமரா பிடிக்கிறவர் கேமரா ஆபரேட்டர். ஃபோர்மேன் செய்வது மேற்பார்வை, ஆகவே சூப்பர்வைசர். 'ஆபீஸ் பாய்' வந்தால் 'ஆபீஸ் அசிஸ்டெண்ட்' என்று மாற்றச் சொல்லி மன்றாடுவேன். ஐம்பது வயதுக்காரரைப் பையன் என்று அச்சடிக்க எனக்கு மனசு வராது. சேல்ஸ்பெர்சன், சேர்பெர்சன் போன்ற சில இடங்களில் 'பெர்சன்' நன்றாகவே உட்காரும். ஆனால் ஒரே அழைப்பிதழில் ஆணுக்கு சேர்மன், பெண்ணுக்கு சேர்பெர்சன் என்று போட்டால் அது இருபாலுக்கும் பொதுவான சொல்லே இல்லை.

கம்ப்யூட்டரில் மொத்தமாகத் தேடி மாற்றும் வேலை வேண்டவே வேண்டாம். மேனேஜர், மேனுவல் எல்லாம் சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கும் 'மேன்' ஆண் அல்ல. கை என்று பொருள்படும் 'மானுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது.

தமிழில் ஓட்டுநர், நடத்துநர், மருத்துவர் என்று 'ர்' போட்டு முடித்தால் இருபாலுக்கும் மரியாதையாக ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அந்த வழி உண்டு. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி 2021 செப்டம்பரில் 'பேட்ஸ்மேன்' என்பதை 'பேட்டர்' ஆக்கியது. பவுலரும் ஃபீல்டரும் முதலிலிருந்தே பொதுவாகத்தான் இருந்தார்கள்!

அப்புறம் 'லேடி'. பெண் நோயாளிகள் தேடி வருவார்கள் என்பதால் கிளினிக் போர்டில் 'லேடி டாக்டர்' இருப்பதற்குக் காரணம் உண்டு, அங்கே விட்டுவிடுவேன். அதே அம்மாவின் விசிட்டிங் கார்டில் 'டாக்டர்' போதும். கல்யாணப் பத்திரிகையில் கணவன், மனைவி இருவரும் டாக்டர் என்றால் இரண்டு பெயருக்கு முன்னாலும் போடுங்கள். 'டாக்டர் அண்ட் மிஸஸ்' என்று எழுதினால் அந்தப் பெண் படித்த படிப்பு காணாமல் போகிறது.

கடிதத்தில் 'டியர் சர்' வேண்டாம். யார் படிப்பார்கள் என்று தெரியாவிட்டால் பதவியைப் போடுங்கள்: 'டியர் பிரின்சிபால்', 'டியர் ஹயரிங் மேனேஜர்'. விளம்பரத்தில் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் 'ஹிஸ்' சான்றிதழ்களோடு வரவேண்டும் என்று இருந்தால் வாக்கியத்தைப் பன்மையாக்குங்கள். 'அப்ளிகண்ட்ஸ்' என்று தொடங்கினால் 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தேர்' இயல்பாக வந்துவிடும்.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. சட்டத்தில் உள்ள பதவிப் பெயரை நாமாக மாற்ற முடியாது. நஜ்மா ஹெப்துல்லா மாநிலங்களவைத் துணைத்தலைவராக இருந்தபோதும் அவருடைய பதவி 'டெபுடி சேர்மன்'தான். அரசியல் சாசனத்தின் 89-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும் அறிவிப்பில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம் வரும்.

பெண்ணின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று தெரியாவிட்டால், எம், எஸ் என்ற இரண்டெழுத்து போதும். கல்யாணம் ஆனவரா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண், பெண் என்று குறிப்பிட விரும்பாதவர்களுக்கு எம், எக்ஸ் இருக்கிறது. யாருடைய அட்டையோ அவரிடமே ப்ரூஃபைக் காட்டிவிடுங்கள். தன்னை 'ஆக்ட்ரஸ்' என்றே போடச் சொல்லும் நடிகைக்கு நான் அப்படியே போட்டுக் கொடுப்பேன்.