லினக்ஸ் களஞ்சியத்தில் எந்தப் பொதியைச் சேர்ப்பது: பராமரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்தில், அதாவது பயனர்கள் மென்பொருளை எடுத்து நிறுவிக்கொள்ளும் சேமிப்பிடத்தில், ஏறத்தாழ 70,000 பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள்) இருந்தன. முந்தைய வெளியீட்டில் இல்லாத 14,000க்கும் மேற்பட்டவை புதிதாக நுழைந்திருந்தன. 8,800க்கும் மேற்பட்டவை காலாவதியானவை என்று வெளியேற்றப்பட்டிருந்தன. முதல் இரண்டு எண்களைப் பெருமையாகச் சொல்பவர்கள் மூன்றாவதைக் கவனிப்பதில்லை. வெளியேறிய ஒவ்வொரு பொதியும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் விரும்பிக் கொண்டுவந்து சேர்த்ததுதான். மேசைக்கணினிப் பயனர்களுக்கான களஞ்சியம் டெபியனைப் போல் பெரியதாக இருந்தாலும், அதிலிருந்து கிளைத்த ஒரு சிறு வழங்கலின் துணைக் களஞ்சியமாக இருந்தாலும், சேர்க்கும் வேளையில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

அவற்றில் பெரியது, "இந்த மென்பொருள் நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்வியோடு நின்றுவிடுவது. டெபியனின் நிலையான வெளியீடு ஒன்றுக்கு 3 ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் 2 ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. ஆகவே இன்று ஒரு பொதியைச் சேர்ப்பவர், 5 ஆண்டுகளுக்கு அதன் பாதுகாப்பு ஓட்டைகளை யாரோ ஒருவர் அடைப்பார் என்று பயனருக்கு வாக்குக் கொடுக்கிறார். அந்த யாரோ ஒருவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவில் ஒரு பொதி, முழு ஆதரவு பெறும் 'மெயின்' பகுதிக்குள் செல்ல வேண்டுமானால், அதன் வழுக்களுக்குப் பொறுப்பேற்கும் குழு எது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. சிறு களஞ்சியங்கள் இந்த விதியைத்தான் முதலில் கடன் வாங்க வேண்டும் என்பேன். ஒரு மாலைப்பொழுதின் உற்சாகத்தில் சேர்த்த பொதியை, சேர்த்தவர் வேலை மாறிய பிறகு தொடுவதற்கு ஆளிருக்காது.

மென்பொருளை எழுதியவர் அந்த வாக்குறுதியை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். திரைக்காப்பு மென்பொருளான எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜாவின்ஸ்கி, தம் மென்பொருளின் பதிப்பு மிகப் பழையதாகிவிட்டால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி நிரல் எழுதி வைத்திருந்தார். டெபியனோ நிலையான வெளியீட்டில் பதிப்பை மாற்றாமல், திருத்தங்களை மட்டும் உள்ளே சேர்க்கும் வழக்கம் கொண்டது. பழைய பதிப்பின் வழுக்களுக்கான புகார்கள் தமக்கே வந்து சேர்வதால் சலித்துப்போன அவர், அந்தப் பொதியையே நீக்கிவிடுமாறு 2016இல் டெபியனிடம் கேட்டார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஐந்தாண்டுக்கு உறைந்து நிற்கும் களஞ்சியமும், பழையதைச் சகிக்காத ஆசிரியரும் ஒத்துப்போக மாட்டார்கள் என்பது சேர்க்கும்போதே தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி.

இதே காரணத்தால், வாரந்தோறும் மாறியே ஆக வேண்டிய மென்பொருளை உறைந்த களஞ்சியத்தில் வைப்பதும் தவறு. காணொளிகளைப் பதிவிறக்கும் ஒய்டி-டிஎல்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காணொளித் தளம் தன் பக்க அமைப்பை மாற்றிய மறுநாளே பழைய பதிப்பு வேலை செய்யாது போகும். பயனர் வழங்கலைத்தான் திட்டுவார். டெபியன் இதன் புதிய பதிப்புகளை, நிலையான வெளியீட்டில் விரும்பியவர்கள் சேர்த்துக்கொள்ளும் தனியான பின்னேற்றக் களஞ்சியத்தில் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கோ நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்துக்கொண்டு, நிலையான வெளியீட்டிலும் அதை முழுதாகவே மாற்றிவிடுகிறது. அதாவது உலாவிக்கென்று தன் விதியைத் தானே தளர்த்திக்கொள்கிறது. விதிவிலக்கு தேவைப்படும் பொதி எது என்று முன்னதாகவே முடிவு செய்துவிட்டால், பின்னால் சண்டை குறையும்.

அடுத்தது எண்ணிக்கையை நம்புவது. டெபியனில் பாப்கான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணக்கெடுப்பு உண்டு. எந்தப் பொதி எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டிருக்கிறது, அண்மையில் எத்தனை பேர் அதை இயக்கினார்கள் என்று அது காட்டும். சம்மதம் தெரிவித்த கணினிகள் மட்டுமே அதில் கணக்கு. அலுவலகத்திலும் பள்ளி ஆய்வகத்திலும் ஒரே படிமத்திலிருந்து நிறுவப்படும் கணினிகளுக்கு பெரும்பாலும் யாரும் அந்தச் சம்மதத்தைத் தருவதில்லை. மற்றொரு பக்கம், நிரலகப் பொதி (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு) ஒன்றை யாரும் விரும்பி நிறுவாவிட்டாலும், வேறு நூறு பொதிகள் அதைச் சார்ந்திருப்பதால் பட்டியலின் உச்சியில் நிற்கும். அந்தப் பட்டியலின் அடிப்பகுதியை வெட்டி எறிந்தால் முதலில் போவது எவை என்று பாருங்கள்: பிரெய்லிக் காட்சிக் கருவிக்கான இயக்கி, ஏதோ ஒரு மொழியின் எழுத்துருவும் சொற்பிழை திருத்தியும். லோகித் தமிழ் எழுத்துருவும், தமிழ்99 விசைப்பலகையை உள்ளடக்கிய எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தரவுத்தொகுப்பும் உலக அளவில் எண்ணிப் பார்த்தால் சிறுபான்மைதான். ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் நம் பெயருக்குப் பதிலாகக் கட்டங்கள்தான் தெரியும். மாற்று இருக்கிற பொதியையும் மாற்றே இல்லாத பொதியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஏற்கெனவே பத்து உரைத்திருத்திகள் இருக்கும் இடத்தில் பதினோராவதைத் தயங்காமல் மறுக்கலாம். ஒரே ஒரு தமிழ் உள்ளீட்டு முறையை மறுக்க முடியாது.

உரிமத்தில் நேரும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவனமானவர்களும் சறுக்கும் இடம் அது. மூலநிரலின் மேலடுக்கில் உள்ள உரிமக் கோப்பைத் திறந்து, 'கட்டற்றது' (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் தடையற்றது) என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள், மூன்றாவது அடுக்கில் யாரோ ஒட்டிவைத்த ஒற்றை நிரல்கோப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமம் இருக்கலாம். டூம் விளையாட்டை ஓட்டும் இயந்திரத்தின் மூலநிரல் 1997இல் வெளியிடப்பட்டு, 1999இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. ஆனால் அதன் வரைபடங்களும் ஒலிகளும் அடங்கிய தரவுக்கோப்பு இன்றும் தனியுரிமைச் சொத்துதான். இயந்திரத்தைக் களஞ்சியத்தில் வைக்கலாம், தரவை வைக்க முடியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே ஃப்ரீடூம் என்ற கட்டற்ற தரவுத்தொகுப்பு உருவானது. அப்படியொரு மாற்று இல்லையென்றால், டெபியனில் அத்தகைய இயந்திரம் 'காண்ட்ரிப்' பகுதிக்குத்தான் போகும்: தான் கட்டற்றது, ஓடுவதற்குக் கட்டற்றதல்லாத ஒன்று வேண்டும் என்ற நிலைக்கான இடம் அது.

இன்னொன்று, ஒரே ஒரு வரி. ஜேசான் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் பழைய நிரல்கள் பலவற்றின் உரிமத்தில், இந்த மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு அல்ல என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். படிக்கும்போது யாருக்கும் ஆட்சேபம் தோன்றாது. ஆனால் எந்தத் துறையில் பயன்படுத்துவதற்கும் தடை இருக்கக் கூடாது என்பது டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளில் ஆறாவது. எது நன்மை என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதையும் அந்த வாக்கியம் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்காக, பிஎச்பி நிரல்மொழியின் ஜேசான் நீட்சியையே டெபியன் கழற்றிவிட்டு, வேறு உரிமத்தில் எழுதப்பட்ட மாற்றைப் பொருத்தியது. உரிமத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருப்பதும் சரியல்ல. தரவுத்தள மென்பொருளான மாங்கோடிபி 2018இல் உரிமத்தை மாற்றியபோது, பெரிய வழங்கல்கள் அதைக் களஞ்சியத்திலிருந்து விலக்க நேர்ந்தது.

மூலநிரலுக்குள் வேறு நிரலகங்களின் நகல்களைச் சுமந்துவரும் மென்பொருளை அப்படியே ஏற்பதும் பின்னால் கையைச் சுடும். சீலிப் சுருக்க நிரலகத்தில் 2002இல் ஓர் ஓட்டை தெரியவந்தபோது, பொது நிரலகத்தை ஒருமுறை திருத்தியதால் மட்டும் வேலை முடியவில்லை. அதன் நகலைத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்த ஒவ்வொரு நிரலையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டுமானத்தின்போது இணையத்திலிருந்து எதையேனும் இறக்கிக்கொள்ளும் பொதிக்கும் இதே மறுப்புத்தான். டெபியனின் முதன்மைப் பகுதியான மெயினில் அதற்கு அனுமதி இல்லை. இன்று எதை இறக்கியது, நாளை எதை இறக்கும் என்று யாருக்கும் தெரியாத ஒன்றை நாம் கையொப்பமிட்டு வழங்க முடியாது.

புதிய பதிப்பை உடனே ஏற்கும்படி வரும் நெருக்குதலுக்கு இணங்குவதும் இந்த வரிசையில் சேரும். எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச்சில் கண்டுபிடித்தார். தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. பின்கதவை இயக்கிவிடும் கட்டுமான நிரல் பொதுவில் இருந்த மூலநிரல் வரலாற்றில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டித்தந்த மூட்டையில் மட்டும் இருந்தது. 5.6.1ஐ டெபியனில் ஏற்றும்படி, முன்பின் அறிமுகமில்லாத பெயரில் கோரிக்கையும் வந்திருந்தது. டெபியனின் சோதனைக் கிளைவரை அது நுழைந்தது. நிலையான வெளியீட்டை எட்டவில்லை.

ஏற்கெனவே உள்ள பெயரில் வேறொன்றைத் தருவது, நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு. 2024இல் டெபியனின் வளர்ச்சிக் கிளையில், கடவுச்சொல் காப்பகமான கீபாஸ்எக்ஸ்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வலைப்பின்னல், உலாவி இணைப்பு முதலிய வசதிகளை நீக்கிய பதிப்பு பழைய பெயரை வைத்துக்கொண்டது. முழுமையான பதிப்புக்குப் புதிய பெயர். தாக்குதலுக்கு இடம்கொடுக்கும் பரப்பைக் குறைப்பது என்ற காரணம் ஏற்கத்தக்கதே. ஆனால் புதுப்பித்தவர்களுக்கு உலாவி இணைப்பு திடீரென்று நின்றது. அவர்கள் போய் முறையிட்டது மென்பொருளை எழுதியவர்களிடம். குறைத்த பதிப்புக்குப் புதுப்பெயரைச் சூட்டியிருந்தால் இவ்வளவு கோபம் எழுந்திருக்காது.

பொதிகளைக் கட்டித்தரும் தொகுதிப்பொதியில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். சிறு மேசைக்கணினி வழங்கல் ஒன்றில், முழுப் பணிச்சூழலையும் ஒரே பெயரில் நிறுவ ஒரு தொகுதிப்பொதியை அமைத்தபோது, சீட்டாட்டம் உள்ளிட்ட சில விளையாட்டுகளைப் 'பரிந்துரை' என்று போடாமல் 'சார்பு' என்று போட்டுவிட்டேன். ஆய்வகத்தில் மாணவர்கள் சீட்டாடுவதைப் பொறுக்காத ஆசிரியர் அந்த விளையாட்டை மட்டும் நீக்கினார். சார்பு அறுந்ததால் தொகுதிப்பொதியும் போனது. தொகுதிப்பொதி போனதால், கோப்பு மேலாளர் தொடங்கி அச்சுப்பொறி அமைப்புவரை எல்லாம் 'இனித் தேவைப்படாதவை' பட்டியலுக்கு வந்துவிட்டன. அடுத்து வந்த தூய்மைப்படுத்தும் கட்டளையில் பணிச்சூழல் கரைந்தது. திருத்தம் ஒரே சொல்தான். அது இல்லாமல் நிரல் ஓடவே ஓடாது என்றால் சார்பு. பெரும்பாலோர் உடன் விரும்புவது என்றால் பரிந்துரை. சிலருக்கு உதவக்கூடும் என்றால் யோசனை. இந்த மூன்று படிநிலைகளை மயக்கியதால் குலைந்த கணினிகள், மோசமான மென்பொருளால் குலைந்தவற்றைவிடக் கூடுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீக்குவதிலும் கை தவறும். உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம், 19.10 வெளியீட்டிலிருந்து பழைய வகைக் கணினிகளுக்கான 32 பிட் பொதிகளை விட்டுவிடப்போவதாக 2019 ஜூனில் அறிவித்தது. 32 பிட் கணினிகள் அருகிவிட்டன என்ற கணக்குச் சரிதான். ஆனால் 64 பிட் கணினிகளில் ஓடும் பழைய விளையாட்டுகளுக்கும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைனுக்கும் அதே 32 பிட் நிரலகங்கள் தேவை என்பது அந்தக் கணக்கில் விழவில்லை. ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் இனி உபுண்டுவைப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று சொன்ன பிறகு, ஒரு வாரத்துக்குள் முடிவு மாறியது. எந்தெந்த 32 பிட் பொதிகள் இன்னும் தேவை என்று பயனர்களையும் வைன், ஸ்டீம் தரப்பினரையும் கேட்டுப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் தொடர்ந்து தந்தார்கள்.