எலும்புப்புரை மருந்து எடுப்பவருக்குத் தொடை வலித்தால் என்ன செய்வது?

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஸோலட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி: இவற்றில் ஒன்றைப் பல ஆண்டுகளாக எடுப்பவருக்குக் கவட்டிலோ தொடையிலோ புதிதாக வலி வந்தால், 'வயசானா வர்றதுதானே' என்று விட்டுவிடக் கூடாது. அரிதாகத்தான் என்றாலும், தொடை எலும்பில் விழுந்த கீறலின் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு முழுதாக முறிவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே பலருக்கு இந்த வலி தொடங்கிவிடும். பிடிக்க வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

வலி ஆழத்தில் மந்தமாகக் குடையும். காலை ஊன்றி நடந்தால் கூடும். விழுந்திருக்கவோ அடிபட்டிருக்கவோ வேண்டியதில்லை. மருந்து எடுத்த ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடும். கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

அன்றாட நடையில் எலும்பில் நுண்ணிய கீறல்கள் விழுவது இயல்பு. பழுதான எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் வேலை செய்தால்தான் அந்த இடத்தில் புது எலும்பு வளரும். இந்த மருந்துகள் அந்தச் செல்களை அடக்குகின்றன. எலும்பு கரையாமல் நிற்பதும் அதனால்தான், சிலருக்குக் கீறல் ஆறாமல் போவதும் அதனால்தான். தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் இழுவிசை அதிகம் என்பதால் கீறல் அங்கே தொடங்கி, உள்நோக்கிக் குறுக்காக ஓடும்.

வலி வந்ததும் அந்தக் காலில் பாரம் போடுவதைக் குறையுங்கள். வாக்கரோ ஊன்றுகோலோ வைத்துக்கொள்ளுங்கள். தைலம் தடவி நாளைக் கடத்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, கடைசியாக எடுத்த தேதி மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது எக்ஸ்ரேயில். முதுகையோ முழங்காலையோ மட்டும் படம் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதுண்டு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழுத் தொடை எலும்பும் படத்தில் விழ வேண்டும், முன்னிருந்தும் பக்கவாட்டிலும். வலிக்காத காலையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கீறல் இருப்பது புதிதல்ல. வெளிப்பக்க விளிம்பில் பறவை அலகு போலச் சின்னப் புடைப்புத் தெரிந்தால் அதுதான் தடயம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி விடவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் வழக்கமாக அடர்த்தியை மட்டுமே அளக்கும், இதற்கு அதை நம்ப முடியாது.

கீறல் உறுதியானால் மருத்துவர் மருந்தை நிறுத்தி, கால்சியமும் வைட்டமின் டியும் போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார். வலியும் இருந்தால் எலும்பு முறிவதற்கு முன்பே உள்ளே நீளமான உலோகக் கம்பி செலுத்துவதுண்டு. வலி இல்லாவிட்டால் சில மாதம் பாரம் குறைத்து, மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். முழுதாக முறிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சைதான். வழக்கமான முறிவைவிட இது மெதுவாகத்தான் கூடும்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகள் தடுக்கும் இடுப்பு, முதுகெலும்பு முறிவுகள் இதைவிடப் பல மடங்கு. மாத்திரை என்றால் 5 ஆண்டிலும், ஸோலட்ரோனிக் அமிலம் என்றால் 3 ஆண்டிலும் 'தொடரலாமா, இடைவெளி விடலாமா' என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெனோசுமாபுக்கு இந்த இடைவெளிக் கணக்கு பொருந்தாது: மாற்று மருந்து தொடங்காமல் அந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம்.