புயலில் முறிந்த வாசல் மரம்: அரிவாளை எடுக்கும் முன்

விடிந்து கதவைத் திறந்தால், இத்தனை வருடம் நிழல் தந்த மரம் ஒரு பக்கம் முறிந்து, பட்டை உரிந்து நிற்கிறது. கை தானாக அரிவாளைத் தேடும். எனக்கும் தேடியது. என் வாசல் மரத்துக்குக் காற்று செய்த கேட்டைவிட, அன்று காலை நான் செய்த கேடு பெரிது. முதல்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் அதே தவறைச் செய்யாமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

படி 1: அண்ணாந்து பாருங்கள்

மரத்தடிக்குப் போகும் முன் மின்கம்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிளையோ மரமோ கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பத்து மீட்டர் தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்ப வேண்டாம். எந்த நிமிடமும் வரலாம். ஈர மரமும் ஈர மண்ணும் மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்து, முறிந்து இன்னொரு கிளையில் சிக்கித் தொங்கும் கொப்புகள். காற்றே இல்லாத மதியத்திலும் அவை விழும். குழந்தைகளையும் வண்டிகளையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

படி 2: குனிந்து பாருங்கள்

மரம் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கத்துத் தூரைப் பாருங்கள். மண் புடைத்து வெடித்திருக்கிறதா? வெடிப்பின் இரு கரைகளிலும் ஒவ்வொரு குச்சியை நட்டுவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். காற்று அடிக்கும்போது குச்சிகள் விலகி, ஓய்ந்ததும் நெருங்கினால், வேர்ப்பிடி போய்விட்டது. பெரிய மரமென்றால் அதைக் கயிறு கட்டி நிமிர்த்த முயல வேண்டாம். மிச்சமிருக்கும் வேரும் அறும். அனுபவமுள்ள மரம் வெட்டுபவர்களை அழைப்பதே வழி.

அடிமரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இளமரம் சாய்ந்திருந்தால் காப்பாற்றலாம். வெளியே தெரியும் வேர்களை ஈரச் சாக்கால் மூடி, வேர் பழைய மட்டத்தில் இறங்கும்படி அடிமண்ணை எடுத்துவிட்டு, மெதுவாக நிமிர்த்தி மண் அணையுங்கள். முட்டுக்கழிகளோடு அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். மரம் கொஞ்சம் ஆடட்டும். ஆடினால்தான் அடிமரம் தடிக்கும். ஒரு வருடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

படி 3: பிழைக்குமா?

இலை முழுவதும் உதிர்ந்தது பெரிய விஷயமில்லை, துளிர்த்துவிடும். கிளைகளில் பாதிக்குமேல் மிச்சமிருந்து, அடிமரம் பிளக்காமலிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். கவட்டையிலிருந்து அடிவரை பிளந்திருந்தால் நம்பிக்கை குறைவு. சந்தேகமாக இருக்கிறதா? வீட்டின் மீதோ பாதையிலோ விழும் நிலையில் இல்லையென்றால் ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

தென்னை, பனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் அந்த மரம் முடிந்தது.

படி 4: வெட்டுவது

தரையில் நின்று எட்டுகிற, மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகள் மட்டுமே உங்கள் வேலை. ஏணியும் இயந்திர வாளும் சேர்ந்த வேலை புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வில்லாக வளைந்து எதனடியிலாவது மாட்டியிருக்கும் கிளையையும் தொடாதீர்கள். அறுத்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

அரிவாளை வைத்துவிட்டுக் கூர்மையான கைவாளை எடுங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சட்டைக் கழுத்துப்பட்டி போல ஒரு புடைப்பு தட்டுப்படும். மேல்பக்கத்துக் கவட்டையில் பட்டை சுருங்கி ஒரு வரம்பு தெரியும். அந்தப் புடைப்பில்தான் காயத்தை மூடும் திசு இருக்கிறது. அதைச் சீவவும் கூடாது, அதைத் தாண்டிக் கட்டையை நீட்டி விடவும் கூடாது.

மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது, அதற்குச் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மூன்றாவது, மிச்சக் கட்டையைப் புடைப்பை ஒட்டி வெளிப்பக்கமாக அறுத்தெடுப்பது. முதல் வெட்டைத் தவிர்த்தால், விழும் கிளை அடிமரத்துப் பட்டையையும் கோவணம் போலக் கிழித்துக்கொண்டு போகும்.

நான் செய்தது என்ன தெரியுமா? ஒரு சாண் கட்டையை நீட்டி விட்டு, அதன்மேல் தார் பூசினேன். பார்க்கக் காரியசுத்தமாக இருந்தது. தாருக்கு அடியில் ஈரம் தங்கி, கட்டை அழுகி, நாலாம் வருடம் உள்ளே பேனா நுழைந்தது. நம் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி, வெளியே புது மரத்தை வளர்த்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். எனவே தார், பெயின்ட், பொந்தில் சிமென்ட் எதுவும் வேண்டாம். உரிந்து தொங்கும் பட்டையை, பிடித்திருக்கும் இடம்வரை கத்தியால் ஒதுக்கிவிட்டால் போதும்.

படி 5: பிறகு

மழை நின்ற பின் வறண்டால் தண்ணீர் விடுங்கள். தூரைத் தொடாமல் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை சருகு மூடாக்கு. உரம் இப்போது வேண்டாம். ஒரு பக்கம் கிளை போனதே, மறுபக்கத்தையும் வெட்டிச் சமன் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மீந்த இலைதான் மரத்துக்கு இப்போது உணவு சமைக்கிறது.

சில வாரங்களில் முறிந்த இடத்தைச் சுற்றிப் போத்துகள் (புதுத் துளிர்கள்) கொத்தாக வெடிக்கும். முதல் வருடம் அப்படியே விடுங்கள். பிறகு இரண்டு மூன்று வருடங்களில், நெருக்கமானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, நல்ல இடைவெளியில் வலுவாக நிற்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் பிடிமானம் பழைய கிளையளவு இருக்காது. ஊஞ்சல் கட்டுவதாக இருந்தால் வேறு கிளையைப் பாருங்கள்.