உப்புக்காற்றில் பழைய வாளைப் பாதுகாப்பது எப்படி?

இராமநாதபுரம் கரையோரத்தில் வாளோ கட்டாரியோ இரும்பு வளரியோ (எறியும் வளைந்த ஆயுதம்) வைத்திருப்பவர்கள் மழையைவிட உப்புக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரைந்துவிடும். அப்புறம் துரு பிடிக்க மழை எதற்கு?

முதலில் கையுறை போடுங்கள். வியர்வையிலும் உப்பு உண்டு. கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பழுப்புப் படலத்தை விட்டுவிடுங்கள். விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூளை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். உப்புத்தாள், புளி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம். பழைய உருக்கு வாளில் ஓடும் வரிகள் தேய்ந்து போனால் திரும்ப வராது. பளபளப்பை நினைத்து அதை அழிப்பது பெரிய இழப்பு.

அடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உப்பைத் துடையுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டும் விளிம்பு நோக்கித் துடைத்தால் கை வெட்டுப்படாது. உடனே சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து, மின்விசிறியில் நன்றாகக் காயவிடுங்கள். பிடிக்குள் அரக்கு இருந்தால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும், அங்கே கொண்டுபோகாதீர்கள்.

காய்ந்ததும், பழம்பொருள் பாதுகாப்பில் பயன்படும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசித் தேய்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும். அதை மட்டும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடித்து அமிலமாகி, இரும்பையே அரிக்கும்.

ஆயுத பூஜையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அலகில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சையும் குத்தி அப்படியே விட்டுவிடுகிறோம். சரியாக அடுத்து வடகிழக்குப் பருவமழை. பொட்டு வைத்த இடத்திலேயே குழி விழும். பூஜையை விட வேண்டாம். பொட்டை உறையிலோ, கீழே விரித்த வாழை இலையிலோ வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கடைசியாக, தோல் உறைக்குள் வாளைப் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். உறையைத் தனியாக வையுங்கள். வாளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதமானி 40 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

துடைத்த இடத்திலேயே மறுபடி துருநீர் முத்து முத்தாகக் கசிந்தால், உப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள்.